தலைதீபாவளிக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

— தட்டுல வெச்சா நிக்குமாம்மா இது?

— எந்தத் தட்டுலங்க ஐயா?

— சீர்த்தட்டுலதான். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வெக்கிறது. வெத்தல பாக்கு, பழம், பட்டு வேட்டி, நடுவுல இது. மோதிரமா இருந்தா சுண்டுவிரல் அளவு டப்பா, வெச்சா தீந்துபோச்சி. இது இன்னாடான்னா செங்கல்லு கணக்கா கெடக்குது.

— மூணு கிராஃபிக்ஸ் கார்டு எடுத்துப் போட்டிருக்கேன் ஐயா. மொதல்ல எதுன்னு முடிவு பண்ணிடலாம், தட்டு அப்புறம். எப்படியும் டப்பாவோடதான வெப்பீங்க?

— டப்பாவோட வெச்சா உள்ள இன்னா இருக்குன்னு நாலு பேருக்கு எப்பிடித் தெரியும்? மருமவனுக்கு சோப்பு டப்பா வெச்சிருக்கான் சுப்பராயலுன்னு பேசுவானுங்க.

— அப்பா, வெளிய எடுக்கக் கூடாதுப்பா. கை பட்டா கெட்டுடும்.

— நீ சும்மா இரு சந்திரலேகா. ஏம்மா, உம் பேரு இன்னா?

— ஜான்சிங்க.

— ஜான்சி, இதும் மேல சந்தனம் குங்குமம் வெக்கலாமில்ல?

— ஐயையோ! கார்டுல எதையும் தடவிடாதீங்க ஐயா. டப்பா மேல ஒரு பொட்டு வெச்சுக்குங்க, போதும். உள்ள சந்தனம் எறங்கிச்சுன்னா வாரண்டி போயிடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

— கேட்டுக்க சந்திரா. சிதம்பரத்துல உரக்கடை வெச்சிருக்கேன்மா நான். உளுந்து வெதை மூட்டையக்கூட பொட்டு வெச்சிதான் வெளிய அனுப்புவேன். மாப்பிள்ளைக்குக் குடுக்கிறதுல வெக்கக் கூடாதாம்! மோதிரம் போடறேன்னுதான் சொன்னேன். வேணாம் மாமா, கடலூர்ல கம்ப்யூட்டர் கார்டு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்கன்னுட்டாரு. மோதிரம்னா வெரல்ல மின்னும், ஊரே பாக்கும். இதப் பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டா எவன் பாக்கப் போறான், நீயே சொல்லு.

— இப்பல்லாம் இப்படித்தாங்க. போன வாரம் ஒருத்தர் மருமகனுக்கு மானிட்டர் வாங்கிட்டுப் போனாரு. சரி, உங்க மாப்பிள்ள இத எதுக்குக் கேக்கறாரு? எடிட்டிங் வேலையா, கேமா?

— கேமா! நல்லா கேட்ட போ. எம் மாப்பிள்ள பைலட்டும்மா. பிளேன் ஓட்டுறாரு.

— அப்படிங்களா!

— ஆமா. செந்தமிழ்செல்வன்னு பேரு. தோ, முதுநகர்தான் வூடு. வெளிநாட்டுல போய்ப் படிச்சிட்டு வந்தவரு. வூட்டுல இருக்கும்போதும் கை வுட்டுப் போவாம பழகிக்கணுமாம். கம்ப்யூட்டர்லயே பிளேன் ஓட்டுற மாதிரி ஒண்ணு இருக்காமே?

— ஃபிளைட் சிமுலேட்டர்.

— அதேதான். அதுக்குதான் இது. வாயத் தொறந்து நீயும் சொல்லேன் சந்திரா, வாங்கறது உம் புருசனுக்கு.

— அதான் நீங்களே எல்லாம் சொல்றீங்களேப்பா.

— இப்ப என்ன கார்டும்மா போட்டிருக்காரு?

— நாலு ஜிபிக்கா. செகண்ட் ஹேண்டுல வாங்குனது.

— நாலு ஜிபில அது ஓடறதே பெரிய விஷயம். என்ன தொந்தரவு பண்ணுது? ஓப்பனே ஆவலையா, நடுவுல நிக்குதா?

— எறங்கும்போது விட்டு விட்டு வருதுக்கா. மேகம் ஜாஸ்தியா இருந்தாலும் அப்படித்தான்.

— நெசப் பிளேனே அப்பிடித்தாம்மா நிக்குது!

— என்னங்க ஐயா?

— கேட்டுக்க. போன மாசம் மாப்பிள்ள ஓட்டிக்கிட்டே செல்லுல வீடியோ எடுத்து அனுப்புனாரு. நல்லா போயிக்கிட்டே இருக்குது, திடீர்னு ஆகாசத்துல அப்பிடியே நிக்குது. அப்பறம் ஒரு எத்து எத்தி மறுபடியும் போவுது. இன்னா மாப்பிள, டவுன் பஸ்ஸு கணக்கா நின்னு நின்னு போவுதேன்னேன்...

— டவர் கெடைக்கலப்பா. வீடியோதான் நின்னுது, பிளேன் இல்ல. எத்தன வாட்டி சொல்றது.

— டவரு, டவரு. சரி, டவருதான். இன்னொண்ணு இருக்குது, நம்ம ஊரு மேலயே போனது. தோ, இதப் பாரு ஜான்சி. சிதம்பரம். வெள்ளாறு தெரியுதா? இந்தாண்ட கொளம். தோ, கோவிலு. நாலு கோபுரமும் தெரியுது பாரு.

— ...ம்.

— ஆனா கோபுரம் படுத்துக் கெடக்குது. தோச மாதிரி. இன்னா மாப்பிள, நம்ம கோபுரம் எழும்பியே நிக்கலியேன்னு கேட்டேன். ஒசரத்துலேருந்து பாத்தா எல்லாம் தட்டையாதான் தெரியும் மாமான்னாரு. படிச்சவங்க சொன்னா சரிதான். ஏம்மா, பேச்சையே காணும்?

— ஒண்ணுமில்லீங்க ஐயா. நல்லா இருக்கு. செல்ல வாங்கிக்குங்க.

— அக்கா, அந்தக் கார்டு வெவரம் சொல்லுங்களேன். நேரமாவுது.

— ஆங், சொல்றேன். இங்க பாருங்க ஐயா. இது தேர்ட்டி சிக்ஸ்டி. பழைய மாடல், ஆனா பன்னெண்டு ஜிபி. இது ஃபிப்டி சிக்ஸ்டி, புதுசு, எட்டு ஜிபி. கடைசில இருக்கறது அதுலயே பெரிசு, பதினாறு ஜிபி.

— தேர்ட்டி சிக்ஸ்டி, ஃபிப்டி சிக்ஸ்டின்னு மனைக்கட்டு அளவு சொல்ற மாதிரியில்ல சொல்ற. புதுசு இருக்கும்போது எதுக்குப் பழசக் காட்டுற?

— துப்பாக்கி எடுத்துச் சுடற கேம்னா புதுச எடுத்துக்குங்கன்னு கண்ண மூடிட்டு சொல்லிடுவேன். அதுல ஒரு தெரு, நாலு பில்டிங், அவ்ளோதான். இது அப்படியில்ல. கடலூர்ல கெளம்பினா கடலு, பிச்சாவரம் காடு, கிள்ளை ரோடு, வழியில இருக்கற வீடு வாசல் அத்தனையும் இந்தக் கார்டோட மெமரில எறங்கணும். எட்டு ஜிபில எடம் பத்தாமப் போச்சுன்னா அங்கங்க நிக்கும். 

— குடோன் சின்னதா இருந்தா லோடு லாரி ரோட்டுல நிக்கிற மாதிரி.

— அதேதாங்க. அதனால பட்ஜெட் கம்மின்னா பன்னெண்டு போங்க. வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா எடம் இருக்கு. பதினாறு எடுத்தா அடிச்சுத் தூக்கும். அதுக்கு பவர் சப்ளையும் மாத்தணும். இப்ப எவ்ளோ வாட்ஸ்ம்மா?

— நானூத்தம்பதுன்னாரு.

— அந்தப் பவர் சப்ளை நோஞ்சான் எஸ்எம்பிஎஸ். பெரிய கார்டு போட்டா தாங்காது. கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேத்தா அம்பதாயிரத்த தாண்டிடும்.

— ஆத்தாடி! முப்பதுக்கு மேல ஒரு பைசா எங்கிட்ட இல்லம்மா. அந்தப் பன்னெண்டையே பேசி முடி.

— இன்னும் ஒண்ணு ஐயா. அது மூணு ஃபேன் வெச்ச கார்டு, நீளம் ஜாஸ்தி. அவரு கம்ப்யூட்டர் கேபினட் உள்ள எவ்ளோ நீளம் எடம் இருக்குன்னு தெரியணும். வாங்கிட்டுப் போய் நொழையலன்னா தகடத்தான் அறுக்கணும். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டு அளந்து சொல்லச் சொல்லுங்களேன்.

— அவரு எப்பிடிம்மா எடுப்பாரு? டூட்டில இல்ல இருக்காரு. விடியக்காலமே கெளம்பிட்டாரு. இன்னிக்கு எங்க சந்திரா?

— டில்லிப்பா.

— டில்லி! இந்நேரம் ஐதராபாத்துக்கு மேல பறந்துக்கிட்டு இருப்பாரு. வூட்டுல சம்பந்தியம்மாவக் கேக்கலாம்னா, அந்தம்மாவுக்கு டேப்பு புடிக்கத் தெரியாது. சரி, நீ யோசன பண்ணி வெய்யி. சுகர் மாத்திரை போட்டு ரொம்ப நேரமாவுது, கண்ண இருட்டுது. எதுத்தாப்பல ரெண்டு இட்லி சாப்ட்டு வந்துடறேன். சந்திரா, நீ வர்லியா?

— வேணாம்ப்பா. நீங்க ரோட்டப் பாத்து தாண்டுங்க. அந்தப் பக்கம் பஸ் திரும்பும்.

— தெரியும் தெரியும்.

— ...

— பாவம், நடக்கும்போது மூச்சு வாங்குதே அப்பாவுக்கு.

— ஸ்டென்ட் வெச்சிருக்குக்கா. போன வருஷம். அக்கா, ஒரு நிமிஷம் இருங்க. நான் அந்த அளவக் கேட்டுச் சொல்லிடறேன்.

— யார்கிட்ட கேக்கப் போற?

— ஹலோ... ம், நான்தான். ஃபேன் சத்தம் ஓவரா கேக்குது, கொஞ்சம் நிறுத்துங்க... இல்ல, அப்பா சாப்பிடப் போயிருக்காரு. அந்தக் கேபினட் மூடியக் கழட்டிட்டு உள்ள எவ்ளோ நீளம்னு அளந்து சொல்லுங்க... கார்டு நீளமாம்... ஐயோ, கீழ வராதீங்க. மீன்காரம்மா வாசல்ல உக்காந்திருக்கும் இந்நேரம். அத்தைய டேப்பு எடுத்தாந்து குடுக்கச் சொல்லுங்க... சரி. அளந்துட்டு கூப்பிடுங்க.

— டில்லின்னு சொன்ன. தண்ணி குடிக்கறியா?

— வேணாங்க்கா.

— நீ போன் பண்ணலன்னாலும் எனக்குத் தெரியும் தங்கச்சி. அந்தக் கோபுரத்தப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. நெசமா மேலேருந்து எடுத்தா கோபுரம் நிக்கும், நெழலு உழும். அந்த சிமுலேட்டர் செஞ்சவன் நம்ம ஊருக்கு வெறும் போட்டோவத் தரையில விரிச்சு வெச்சிருக்கான், அவ்ளோதான்.

— அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா.

— நான் ஏன் சொல்றேன். வேலையே இல்லியா அவருக்கு?

— இல்ல. பைலட்டுக்குப் படிச்சது நெசம். அவுங்கப்பா நெலத்த வித்துதான் அனுப்புனாரு. லைசென்ஸ் எடுத்துட்டு வந்தாரு. எங்கியும் எடுக்கல. எத்தன வருஷமோ காத்துக்கெடந்தாரு. பொண்ணு பாக்கும்போது அவுங்கப்பா வேலையில இருக்கான்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எறங்க முடியல.

— உனக்கு எப்ப தெரியும்?

— கல்யாணமாகி மறுவாரமே. காலையில யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, தெருவே பாக்க பெட்டிய உருட்டிக்கிட்டுப் போனாரு. நானும் வாசல்ல நின்னு கையாட்டுனேன். உள்ள வந்து பாத்திரம் வெளக்கிட்டு கொல்லைப்பக்கம் போனா, அதே பெட்டியத் தூக்கிக்கிட்டு சொவத்தோரமா வந்துக்கிட்டு இருக்காரு. அத்தை கதவத் தெறந்து விடறாங்க. ஜங்ஷன்ல பிளாட்பாரத்துல உக்காந்துட்டு, தெரு அடங்குனதும் வந்துடுவாராம்.

— ஆண்டவரே! வந்துட்டு?

— மாடி ரூம்தான். டூட்டி முடியற வரைக்கும் எறங்கக் கூடாது. ஜன்னல் தெறக்கக் கூடாது. அவரு சட்டையத் தொவச்சு மாடியில காயப்போடக் கூடாது. அவரு மேல பிளேன் ஓட்டறப்ப கீழ நான் குக்கர் வெக்கக் கூடாதுக்கா. ஒரு வாட்டி வீடியோல விசில் சத்தம் உழுந்துடுச்சு. அதுலேருந்து சோறு வடிக்கிறேன்.

— விசில் சத்தத்தோடயா உங்கப்பாவுக்கு அனுப்புனாரு?

— ஆமா. அப்பா ஒண்ணுமே கேக்கல. வெகுளிக்கா எங்கப்பா. யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவாரு.

— அடிப்பாரா உன்னை?

— சே, இல்லக்கா. குடியும் கெடையாது. கெட்டவரா இருந்தா பரவால்ல, சண்டயாவது போடலாம். நல்லா லேண்ட் பண்ணிட்டா திரும்பிப் பாத்து, கை தட்டு சந்திரான்னு சொல்வாரு. பின்னால கட்டில்ல உக்காந்து தட்டுவேன். அப்ப அவரு மூஞ்சப் பாக்கணுமே. பத்து நிமிஷம் நெசமாவே சந்தோஷமா இருப்பாரு. அதப் பாத்தா எரிச்சலாவும் இருக்கும், அழுகையாவும் வரும்.

— நீ வேலைக்குப் போவலாமில்ல?

— லேப் டெக்னீஷியன் நான். சிதம்பரத்துல வேல பாத்துக்கிட்டு இருந்தேன். கொழந்தைங்களுக்குக்கூட ஒரே குத்துல ரத்தம் எடுத்துடுவேன். பைலட் பொண்டாட்டி ரத்தப் பாட்டில் தூக்கிட்டுப் போவுதான்னு மாமனார் நிறுத்திட்டாரு. வெளிய போனா யாராவது எதாவது கேப்பாங்க, நான் ஒளறிடுவேன்னு பயம். இந்தக் கடைக்கு வந்ததுகூட அப்பா வந்ததாலதான்.

— ஏன்டி, இத்தனையும் வெச்சுக்கிட்டு நீ கார்டு வாங்க வந்திருக்கியா? இத மாட்டிக் குடுத்தா இன்னும் நல்லா பொய் சொல்வாரு, அதுக்கா?

— வாங்கித்தான் ஆவணும். போன வீடியோ நின்னு நின்னு போனதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. கார்டு மாத்துனா கோபுரம் எழும்புமாக்கா?

— எழும்பாது. கார்டு போட்டா படம் நிக்காம ஓடும், மேகம் நல்லா வரும். கோபுரம் அந்த சிமுலேட்டர்காரன் செஞ்சு வெச்சிருந்தாதான் வரும். இங்க பாரு, உங்கப்பா இப்ப வருவாரு. ஒக்கார வெச்சு சொல்லிடு. நான் கூட இருக்கேன்.

— தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம்க்கா. மாலதிக்கு. பெரிய எடம். அக்கா வீட்டுக்காரர் பைலட்டுன்னு கேள்விப்பட்டுதான் வந்தாங்க. இப்ப சொன்னா அது நின்னுடும். அப்பாவுக்கு நெஞ்சு தாங்காது.

— அதுவரைக்கும் சோறு வடிச்சுக்கிட்டே இருப்பியா?

— அதுவரைக்கும்தான. மாலதி கழுத்துல தாலி ஏறட்டும், அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிடுவேன். எங்கப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாதுக்கா. பள்ளிக்கூடத்துல டீச்சர் என்னை வெயில்ல நிக்க வெச்சாங்கன்னு கடையப் பாதியில மூடிட்டு சைக்கிள்ல வந்து தூக்கிட்டுப் போனவரு. தெரிஞ்சா ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரு. கட்டுன பொடவையோட வாம்மான்னு கூட்டிட்டுப் போயிடுவாரு. அத நெனச்சிக்கிட்டுதான் அந்த வீட்ல படுத்து எந்திரிக்கிறேன்.

— சரி, அழுவாத. மூஞ்சத் தொடை. தோ, ரோட்டத் தாண்டிக்கிட்டு இருக்காரு.

— சொல்ல மாட்டீங்கல்ல?

— சொல்லல.

— இன்னாம்மா, முடிவு பண்ணிட்டீங்களா ரெண்டு பேரும்? தோ சந்திரா, மெதுவடை வாங்கியாந்தேன். சூடா இருக்குது, சாப்புடு. இங்க வந்து பட்டினி கெடக்காத.

— அப்புறம் சாப்பிடறேன்ப்பா. இருங்க, போன் வருது.

— யாரு?

— அத்தைப்பா. கேபினட்ட அளந்து சொல்லச் சொல்லியிருந்தேன். உள்ள சிக்னல் இல்ல, வெளிய நின்னு பேசிட்டு வர்றேன்.

— போ போ. நெதானமா பேசிட்டு வா.

— ...

— ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லேன்.

— இந்தக் கார்டு உங்களுக்கு வேணாம். எனக்கு யாவாரம் போனாப் போவட்டும். உங்க பொண்ணு ரொம்ப எளச்சிருக்கு. தீபாவளி வரைக்கும்கூட வேணாம், இப்பவே கையப் புடிச்சு சிதம்பரம் பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஏன்னு அது வாயால கேட்டுக்குங்க.

— பதினாறுன்னியே, அது எது? இதுவா?

— ஐயா, நான் பேசறது...

— காதுல உழுந்துச்சிம்மா. அந்தப் பதினாறையே குடு. அந்தக் கரெண்டு டப்பாவையும் சேத்துப் போட்டுடு.

— முப்பதுக்கு மேல ஒரு பைசா இல்லன்னீங்களே?

— கடைக்குச் சரக்கு எடுக்க வெச்சிருந்தது இருக்குது. இத வாங்கித்தான் ஆவணும். சின்னவ மாலதி கல்யாணத்துல சம்பந்தி வூட்டுல மண்டபத்துல எல்இடி தெர கட்டுறாங்க. மூத்த மாப்பிள்ள பிளேன் ஓட்டுற வீடியோவ அதுல போடணும்னு ஆசப்பட்டுக் கேட்டிருக்காங்க. செல்லுல பாத்தா எவனுக்கும் தெரியாது. அம்மாம் பெரிய தெரையில நின்னு நின்னு போனா தெரிஞ்சிடுமில்ல.

— ...ஐயா?

— கோபுரம் எழும்புமா இதுல?

— எழும்பாது.

— அப்ப ஊரு மேல ஓட்ட வேணாம். எனக்குக் கடலு பாக்க ஆசையா இருக்குது மாப்பிளன்னு சொல்லிடறேன். கடலு எங்க பாத்தாலும் ஒண்ணுதான்.

— உங்களுக்குத் தெரியுமா? ஐயா, உங்களுக்குத் தெரியுமா?

— சத்தம் போடாத. வெளிய நிக்குது.

— எப்பலேருந்து?

— இவ கல்யாணத்துக்குப் பத்திரிக வெச்சிக்கிட்டு இருக்கும்போதே. லால்பேட்டையில பிளேன் டிக்கெட் போடுற பாய் ஒருத்தரு எனக்குப் பழக்கம். பெருமைக்குத்தான் அவருகிட்ட சொன்னேன், இந்தக் கம்பெனில மாப்பிள்ளன்னு. அவரு தெரிஞ்சவங்கள வெச்சி விசாரிச்சிட்டு வந்து என் கையப் புடிச்சிக்கிட்டாரு. பையன் படிச்சது நெசம் சுப்பராயலு, வேல இல்ல, நிறுத்திடுன்னாரு.

— நிறுத்தியிருக்கலாமே! தாலி ஏறலியே அப்ப!

— ஏற்கெனவே ஒரு எடம் பேசி பூ வெச்சி நின்னுபோச்சிம்மா அவளுக்கு. ரெண்டாவதும் நின்னா பொண்ணுகிட்டதான் எதோ கோளாறுன்னு ஊரு பேசும். பின்னால ஒருத்தி நிக்கிறா. குடியில்ல, அடியில்ல, படிச்ச பையன், இன்னிக்கில்லன்னா நாளைக்கி வேல வரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வர்ல.

— பிளேனுக்குள்ள குக்கர் விசில் அடிச்சுதே, அதக் கேட்டும்...

— கேட்டுட்டு, சூப்பரு மாப்பிளன்னு அனுப்புனேன். கைதட்டுற பொம்மையும் சேத்துதான் அனுப்புனேன்.

— நீங்கல்லாம் ஒரு அப்பாவா?

— கேளு. நல்லா கேளு. ஆருமே கேக்கலன்னுதான் எனக்கும் ஆத்திரம்.

— அது உள்ள செத்துக்கிட்டு இருக்கு ஐயா. அப்பாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவாருன்னு இப்பதான் எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு. நான் போய் சொல்லப் போறேன். உங்கப்பனுக்கு எல்லாம் தெரியும், அவர நம்பாத, நீயே கெளம்பிடுன்னு.

— சொல்லாதம்மா. என்னைக் காப்பாத்திக்கிறதுக்குக் கேக்கல. தெரிஞ்சிதான் அப்பா அந்த வூட்டுல வுட்டுவெச்சாருன்னு ஆயிட்டா, அப்பறம் எம் பொண்ணு எங்கம்மா போவும்?